நிக்கியின் அந்தாதி

தண்டியலங்காரம் செய்யுளை முத்தகம், குளகம், தொகைநிலை, தொடர்நிலை என்று நான்காகப் பிரிக்கிறது. தனியாக நின்று பொருள் முடிகிற ஒற்றைப் பாட்டு முத்தகம். அப்படிப்பட்ட பாட்டுகளைச் சேர்த்துக் கட்டினால் தொகைநிலை. பாட்டுக்குப் பாட்டு பொருள் விட்டுப்போகாமல் நடந்தால் தொடர்நிலை. ராக் ஆல்பங்களில் பெரும்பாலானவை தொகைநிலைதான்: பத்துப் பாட்டு, ஒரு அட்டை, அவ்வளவு. 'கான்செப்ட் ஆல்பம்' என்று தனியாகப் பெயர் சொல்லி அழைக்கப்படுவது தொடர்நிலை. தி ஹூ குழுவின் 'டாமி' (1969), பிங்க் ஃப்ளாய்டின் 'தி வால்' (1979) என்று ராக்கில் நடந்துவந்த இந்தப் பழக்கத்தை ஹெவி மெட்டல் இறுகப் பிடித்துக்கொண்டது. விமர்சகர்கள் இதை வெறும் படாடோபம் என்று கேலி பேசிய பிறகும் மெட்டல்காரர்கள் விடவில்லை. 1987-ல் கிங் டைமண்டின் 'அபிகெயில்', 1988 ஏப்ரலில் அயர்ன் மெய்டனின் 'செவன்த் சன் ஆஃப் எ செவன்த் சன்', அடுத்த மாதமே குயின்ஸ்ரைக்கின் 'ஆபரேஷன்: மைண்ட்கிரைம்'.

இந்தக் கடைசிதான் இங்கே மூலநூல். சியாட்டிலை ஒட்டிய பெல்வியூ ஊர்க்காரர்கள் ஐந்து பேர்: பாடகர் ஜெஃப் டேட், கிட்டாரில் கிறிஸ் டிகார்மோவும் மைக்கேல் வில்டனும், பேஸில் எடி ஜாக்சன், டிரம்ஸில் ஸ்காட் ராக்கன்ஃபீல்ட். தயாரிப்பு பீட்டர் காலின்ஸ். 15 உருப்படிகள், 59 நிமிடம்.

கதையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஒளித்துவைக்க ஒன்றுமில்லை. நிக்கி என்றொரு இளைஞன். ஹெராயினுக்கு அடிமை, நாட்டின் மேல் வெறுப்பு. டாக்டர் எக்ஸ் என்பவன் அவனுக்குப் போதையும் போதனையும் கொடுத்துக் கூலிக் கொலைகாரன் ஆக்குகிறான். 'மைண்ட்கிரைம்' என்ற சொல்லைச் சொன்னால் போதும், நிக்கி சாவி கொடுத்த பொம்மை. அவனுக்கு மேரி என்ற கன்னியாஸ்திரியோடு பழக்கம் ஏற்படுகிறது. அவளையும் அவளை ஆட்டிவைக்கும் பாதிரியாரையும் கொல்லும்படி உத்தரவு வருகிறது. பாதிரியாரைக் கொல்கிறான், மேரியைக் கொல்ல முடியவில்லை. பிறகு ஒருநாள் மேரி செத்துக் கிடக்கிறாள். நிக்கியைப் போலீஸ் பிடிக்கிறது. நினைவு தப்பி மருத்துவமனையில் கிடக்கிறான்.

இதையே பாக்கெட் நாவலாகத் தந்தால் மதுரையில் ஏறி திருச்சி வருவதற்குள் முடித்து, சீட்டிலேயே போட்டுவிட்டு இறங்கிவிடுவோம். ஆனால் இந்த ஆல்பத்தை ஆண்டுக்கணக்காகத் திரும்பத் திரும்பக் கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். நானும் ஒருவன். அப்படியானால் ஈர்ப்பு கதையில் இல்லை. எங்கே இருக்கிறது என்று பார்க்கத்தான் இந்த உரை.

ஐ ரிமெம்பர் நவ்

1 நிமிடம் 17 விநாடி. பாட்டு கிடையாது. மருத்துவமனை ஒலிபெருக்கியில் டாக்டரைக் கூப்பிடுகிறார்கள். தொலைக்காட்சியில் செய்தி ஓடுகிறது. ஒரு நர்ஸ் வருகிறாள், இன்னும் தூங்கவில்லையா என்று அதட்டுகிறாள், ஊசி போடுகிறாள், போகிறபோக்கில் ஒரு வசவை உதிர்த்துவிட்டுப் போகிறாள். அதற்குப் பிறகு நிக்கி வாயைத் திறக்கிறான். இப்போது நினைவு வருகிறது என்கிறான்.

சிலப்பதிகாரத்தில் பாட்டுக்கு நடுவே உரைநடை வருவது போல இங்கேயும் பேச்சும் பாட்டும் விரவி வருகின்றன. ஆனால் இந்தப் பேச்சு வெறும் முன்னுரை இல்லை. கதை முடிந்துபோன இடத்தில்தான் ஆல்பம் தொடங்குகிறது. இனி நாம் கேட்கப்போவது அத்தனையும் நடந்தது இல்லை, நினைவுக்கு வந்தது. அதுவும் மருந்தேறிய மூளைக்கு. சாட்சிக் கூண்டில் நிற்பவன் இவன் ஒருவன்தான் என்பதை மறக்கக் கூடாது. அந்த நர்ஸின் ஊசியையும் நினைவில் வைத்துக்கொள்ளவும்.

அனார்கி-எக்ஸ், ரெவல்யூஷன் காலிங்

முன்னது சொல்லில்லாதது. அணிவகுப்பு டிரம், கூட்டத்தின் இரைச்சல், இரட்டைக் கிட்டார். திரை விலகுகிறது, அவ்வளவுதான்.

பின்னதில் நிக்கி தன் கோபத்தைக் கொட்டுகிறான். அரசாங்கம் பொய், ஊடகம் பொய், மதம் வியாபாரம். 1988-ல் ஓர் அமெரிக்க இளைஞன் இப்படிப் பேச அதிகம் யோசித்திருக்க வேண்டியதில்லை. 1986 இறுதியில் ஈரான்-கான்ட்ரா ஊழல் வெளியே வந்திருந்தது. 1987-ல் தொலைக்காட்சிப் போதகர் ஜிம் பேக்கர் பதவியிறங்கினார். 1988 பிப்ரவரியில் இன்னொரு போதகரான ஜிம்மி ஸ்வாகர்ட் கேமரா முன்னால் அழுது பாவமன்னிப்புக் கேட்டார். கதைக்கான பொறி கனடாவிலிருந்து வந்தது. மான்ட்ரியாலில் தங்கியிருந்தபோது கியூபெக் பிரிவினைத் தீவிரவாதிகளோடு பழகியதைப் பற்றி டேட் பேட்டிகளில் சொல்லியிருக்கிறார்.

இதில் உரைகாரன் நின்று பார்க்க வேண்டியது பல்லவியை. ஒரு தடவை கேட்டாலே வாயில் ஒட்டிக்கொள்ளும். கச்சேரியில் மொத்தக் கூட்டமும் கையை உயர்த்திக்கொண்டு கூடப் பாடும். டாக்டர் எக்ஸ் என்ற பெயர் மட்டும் காதில் விழுகிறது, அழைக்கும் அந்த ஆள் யார் என்று இன்னும் நமக்குச் சொல்லப்படவில்லை. அடுத்த பாட்டில்தான் அவன் நேரில் வருகிறான். அதற்குள் நாமும் நிக்கியோடு சேர்ந்து கையெழுத்துப் போட்டாகிவிட்டது. அவன் ஏமாந்ததைப் பார்த்துப் பரிதாபப்படும் வசதியை இந்தப் பல்லவி நம்மிடமிருந்து பறித்துவிடுகிறது. நாவல் படிக்கிறவனுக்கு இது நேராது. அவன் பாத்திரத்தோடு சேர்ந்து கத்துவதில்லையே.

ஆபரேஷன்: மைண்ட்கிரைம், ஸ்பீக்

முதல் பாட்டின் நடை மெதுவானது. பூட்ஸ் காலோடு ஒருவன் நிதானமாக அறைக்குள் நுழைவது போல ரிஃப். உச்சக் குரலுக்குப் பேர்போன டேட் இதில் சரணங்களைக் குரல் தாழ்த்திப் பாடுகிறார். காரணம், இது டாக்டர் எக்ஸின் கூற்று.

'கூற்று' என்ற சொல்லைத் தெரிந்தேதான் போடுகிறேன். சங்க அகப்பாடலைக் கையில் எடுத்தால் முதல் கேள்வி, பேசுவது யார்? தலைவியா, தோழியா, செவிலியா? பாட்டுக்கு அடியில் ஒரு குறிப்பு இருக்கும், அதை வைத்துக்கொண்டு படிப்போம். இந்த ஆல்பத்தில் அந்தக் குறிப்பு கிடையாது. டாக்டரும் நிக்கியும் ஒரே தொண்டையிலிருந்துதான் வருகிறார்கள். குரல் தாழ்ந்தால் இவன், ஏறினால் அவன் என்று கேட்கிறவரே குறிப்பு எழுதிக்கொள்ள வேண்டும். சில இடங்களில் இருவரையும் பிரிக்கவே முடியாது. மூளைச்சலவைக் கதைக்கு அது பொருத்தம்தான். யார் எண்ணம் யார் வாயில் வருகிறது என்பதுதானே இங்கே சிக்கல்.

ஒரு சொல்லுக்குக் கட்டுப்படும் கொலைகாரன் என்ற யோசனை புதிதல்ல. ரிச்சர்ட் காண்டனின் 'தி மஞ்சூரியன் கேண்டிடேட்' நாவல் 1959-ல் வந்தது, 1962-ல் படமானது. அதில் சொல்லுக்குப் பதில் ஒரு சீட்டு. கற்பனைக்கு வெளியேயும் இது நடந்தது. 1950-களின் கடைசியில் மான்ட்ரியாலின் மெக்கில் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஒரு மனநல நிலையத்தில் ஈவன் கேமரன் என்ற மருத்துவர், நோயாளிகளுக்கு மருந்தும் மின்னதிர்ச்சியும் கொடுத்து, பதிவு செய்த வாசகங்களை ஓயாமல் கேட்கவைத்தார். அதற்கு அமெரிக்க உளவு நிறுவனமான சி.ஐ.ஏ. பணம் கொடுத்தது. பாதிக்கப்பட்டவர்கள் தொடுத்த வழக்கில் 7,50,000 டாலர் கொடுத்துச் சமரசம் செய்துகொண்டதும் இதே 1988-ல்தான். இந்த ஆல்பத்துக்குப் பாதி உரையைச் செய்தித்தாளே எழுதிக்கொடுத்தது என்று சொல்லலாம்.

'ஸ்பீக்' நிக்கியின் கூற்று. வேகம், அதிகார போதை. அதிகம் சொல்ல இல்லை.

ஸ்ப்ரெடிங் த டிசீஸ்

மேரியின் முன்கதை. வீட்டை விட்டு ஓடிவந்த பெண், தெருவில் உடலை விற்றவள். ஃபாதர் வில்லியம் அவளை மீட்டுக் கன்னியாஸ்திரி ஆக்குகிறார், பிறகு அவரே அவளைப் பயன்படுத்திக்கொள்கிறார். எனக்கு உவப்பில்லாத இடம் இது. பாதிக்கப்பட்டவளின் கதையைச் சொல்வதைவிடக் கேட்பவர் கண்ணை அகல விரியவைப்பதில் இந்தப் பாட்டுக்கு ஆசை அதிகம். நடுவில் இசையைத் தணித்து, மதம், பணம், அதிகாரம் மூன்றையும் பற்றி ஒரு சொற்பொழிவு வேறு வருகிறது. போதகர்களைத் திட்டும் பாட்டே போதனை செய்தால் எப்படி?

டிரம்ஸை மட்டும் குறை சொல்ல முடியாது. இந்தப் பாட்டு நிற்பதே ராக்கன்ஃபீல்டின் கையில்தான்.

த மிஷன்

நிக்கி தனியாக உட்கார்ந்து மேரிக்காகக் காத்திருக்கிறான். முதல் முறையாகச் சந்தேகம் எட்டிப்பார்க்கிறது. இசைத்தட்டின் முதல் பக்கம் இத்தோடு முடிகிறது. எழுந்துபோய்த் தட்டைத் திருப்பிப் போட வேண்டும். அந்த அரை நிமிட மௌனமும் ஆல்பத்தின் பகுதி என்றே எனக்குத் தோன்றும்.

ஸ்வீட் சிஸ்டர் மேரி

தலைப்பே சிலேடை. ஆங்கிலத்தில் எழுதியிருப்பது பல பகுதிகள் கோத்த இசைக் கோவையைக் குறிக்கும் சொல். வாயால் சொன்னால் இனியவள் என்று கேட்கும். 10 நிமிடம் 41 விநாடி. ஆல்பத்தின் முதுகெலும்பு இதுதான், நான் தங்கப்போவதும் இங்கேதான்.

மழைச் சத்தம். காருக்குள் இரண்டு ஆண்கள். டாக்டர் எக்ஸாகப் பேசுபவர் அந்தோணி வேலண்டைன் என்ற ஆங்கிலேய நடிகர். மேரியைக் கொன்றுவிடு என்கிறார். நிக்கி திகைக்கிறான். அவள் ஆபத்து என்று விளக்கம் வருகிறது, கூடவே அந்தப் பாதிரியாரையும் முடித்துவிடு என்கிறார். கடைக்குப் போகிறவனிடம் அப்படியே ஒரு கட்டுக் கறிவேப்பிலையும் வாங்கி வா என்கிற தொனி. வில்லன் சிரிப்பு இல்லை, உறுமல் இல்லை. மெட்டல் உலகத்தில் பேய்க்கும் பிசாசுக்கும் குறைச்சலில்லை, ஆனால் இந்த நிதானமான குரல் அளவுக்கு என்னைக் குலைத்த பிசாசு வேறில்லை.

பிறகு லத்தீனில் கோயில் குழுப்பாடல் எழுகிறது. தந்திக்கருவிகளுக்கு இசை அமைத்தவர் மைக்கேல் கேமன். 'தி வால்' ஆல்பத்தின் வாத்தியக் குழுவுக்கு வேலை செய்தவர், பின்னாளில் 1999-ல் மெட்டாலிகாவை சான் பிரான்சிஸ்கோ சிம்பொனியோடு சேர்த்து நடத்தியவர். பணக்கார வாத்தியங்களைக் கொண்டுவந்து கிட்டாருக்குப் பட்டு போர்த்துவது எளிது. கேமன் அதைச் செய்யவில்லை. குழுப்பாடலும் கிட்டாரும் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டே இருக்கின்றன, ஆலயத்துக்குள் துப்பாக்கியோடு வந்தவன் நிற்பது போல.

முதல் பக்கத்தின் 25 நிமிடத்தில் மேரியைப் பற்றி ஆண்கள்தான் பேசினார்கள். இப்போதுதான் மேரி பேசுகிறாள். பமேலா மூரின் குரல். அவள் கெஞ்சவில்லை. இவன் எதற்கு வந்திருக்கிறான் என்பது அவளுக்குத் தெரியும் என்பது அந்தக் குரலின் அமைதியிலேயே இருக்கிறது. 'ஸ்ப்ரெடிங் த டிசீஸ்' பாட்டில் பரபரப்புக்காக வரையப்பட்ட பெண், இங்கே தன் தொண்டையால் ஆளாகிறாள். அதனால்தான் அந்தப் பாட்டின் குற்றத்தை மன்னித்துவிடலாம் என்று தோன்றுகிறது. முழுவதும் அல்ல.

இரண்டு குரல்களும் முதலில் மாறி மாறி வருகின்றன, பிறகு ஒன்றன்மேல் ஒன்று ஏறுகின்றன, கடைசியில் டேட் அலறுகிறார். மெட்டலில் அலறல் சகஜம். எண்பதுகளில் எட்டுக் கட்டையில் கத்தத் தெரியாதவனுக்கு மைக் கிடைக்காது. டேட்டும் அந்தப் பள்ளியில் தேறியவர்தான், குழுவின் 1983 பதிவிலேயே கண்ணாடி டம்ளர் உடைகிற மாதிரி பாடியிருக்கிறார். ஆனால் மற்ற இடங்களில் அலறல் ஒரு வித்தை. சர்க்கஸில் கம்பிமேல் நடப்பவனைப் பார்ப்பது போல ஆ என்று பார்ப்போம். இங்கே அந்த அலறலுக்கு ஒரு ஆள் இருக்கிறான். கொல்ல வந்தவன், கொல்ல முடியாதவன், நாளைக் காலை ஊசிக்கு எங்கே போவது என்று தெரியாதவன். ஏழு பாட்டுகளாக அவன் கூடவே நடந்து வந்ததால் அந்த உச்சஸ்தாயி மிகையாகத் தெரிவதில்லை.

வேறு இசைவகைகளைவிட மெட்டலுக்குக் கதை அதிகம் தேவைப்படுவது இதனால்தான். மெட்டலின் மொழியே மிகைமொழி. சத்தம் மிகை, வேகம் மிகை, குரல் மிகை. காதலி திரும்பிப் பார்க்கவில்லை என்பதற்கு இவ்வளவு ஆர்ப்பாட்டமா என்று சிரித்துவிடலாம். அதே ஆர்ப்பாட்டத்தை ஒரு கொலைக்கும் ஒரு மரணத்துக்கும் பக்கத்தில் கொண்டுபோய் வைத்தால் சிரிப்பு வராது. கூத்தில் துரியோதனன் அடுக்களைக் குரலில் பேசினால் எடுபடுமா?

த நீடில் லைஸ்

10 நிமிடக் கோவை முடிந்ததும் 3 நிமிடச் சூறாவளி. நிக்கி விலகிக்கொள்கிறேன் என்று டாக்டரிடம் போகிறான். டாக்டர் சிரிக்கிறான். உன் ஊசி என் கையில் அல்லவா இருக்கிறது என்பது பதில். இங்கும் தலைப்பில் இரட்டைப் பொருள். ஊசி பொய் சொல்கிறது என்றும் கொள்ளலாம், ஊசி அங்கே கிடக்கிறது என்றும் கொள்ளலாம். இரண்டும் உண்மை.

எலெக்ட்ரிக் ரெக்வியம்

மேரி செத்துக் கிடக்கிறாள். நிக்கி பிணத்தோடு பேசுகிறான். 1 நிமிடம் 22 விநாடி.

கொன்றது யார்? ஆல்பம் சொல்வதில்லை. போன பாட்டில் அவள் உயிரோடு இருந்தாள், இந்தப் பாட்டில் இல்லை. இரண்டுக்கும் நடுவே இருப்பது ஒரு விநாடி இடைவெளி. கொலை நடந்தது அந்த இடைவெளியில்.

டாக்டர் எக்ஸ் ஆள் வைத்து முடித்தான் என்று கொள்வது ஒரு பாடம். அவளே உயிரை மாய்த்துக்கொண்டாள் என்பது இன்னொரு பாடம். மூன்றாவதுதான் தூக்கத்தைக் கெடுக்கும். யாரோ அந்தச் சொல்லைச் சொன்னார்கள், நிக்கியே கொன்றான், அவனுக்கு நினைவில்லை. இதில் எதை எடுத்துக்கொள்கிறோமோ அதற்கு ஏற்ப மிச்சம் ஐந்து உருப்படிகளின் பொருள் மாறிவிடும். ரசிகர்கள் விடிய விடிய உட்கார்ந்து வாதாடுவது இதைத்தான். பரிமேலழகர் ஒன்று சொல்ல, மற்ற உரைகாரர் வேறொன்று சொல்ல, நாம் நடுவில் மாட்டிக்கொள்ளும் அந்தச் சுகம் இது. நாவல் அந்த அறைக்குள் போயே ஆகும், சினிமா கேமராவைக் கொண்டுபோய் நிறுத்தும். பாட்டுத் தொடருக்கு அந்தக் கட்டாயம் இல்லை. ஒரு பாட்டு முடிந்தால் மௌனம் வரும் என்பது எல்லோருக்கும் பழக்கம், அந்த மௌனத்துக்குள் ஒரு பிணத்தை வைத்தாலும் யாரும் குறை சொல்லமாட்டார்கள்.

2006-ல் இரண்டாம் பாகம் வந்தது. டாக்டர் எக்ஸாகப் பாட ரானி ஜேம்ஸ் டியோவையே அழைத்து வந்தார்கள். டியோவின் குரலுக்காக ஒருமுறை கேட்டேன். உரைகாரனுக்கு விட்டுவைத்த இடத்தில் மூல ஆசிரியரே திரும்பி வந்து நிற்பது எனக்குப் பிடிப்பதில்லை.

ப்ரேக்கிங் த சைலன்ஸ், ஐ டோன்ட் பிலீவ் இன் லவ்

முதலாவதில் நிக்கி அவள் பெயரைக் கூவிக்கொண்டு தெருத்தெருவாக அலைகிறான். இரண்டாவது ஆல்பத்திலிருந்து தனியே வெளியாகி, 1990 கிராமி விருதில் சிறந்த மெட்டல் பாட்டுக்கான பட்டியலில் இடம்பிடித்தது. விருது மெட்டாலிகாவின் 'ஒன்' பாட்டுக்குப் போனது.

ரேடியோவில் இந்தப் பாட்டைத் தனியாகக் கேட்டவருக்கு இது காதல் தோல்வி. காதலாவது மண்ணாங்கட்டியாவது என்று ஒருவன் வீம்பு பேசுகிறான், நல்ல மெட்டு, முடிந்தது. ஆல்பத்துக்குள் வைத்துக் கேளுங்கள். பேசுகிறவன் கையில் ரத்தம் இருக்கலாம், அது யாருடையது என்று அவனுக்கே தெரியாது. நம்பிக்கை இல்லை என்று அவன் சொல்லச் சொல்ல, அவளைத் தவிர அவன் எதையுமே நம்பியதில்லை என்பது விளங்குகிறது. ஒரு எழுத்து மாறவில்லை, ஒரு ஸ்வரம் மாறவில்லை. முத்தகமாக நின்றால் ஒரு பொருள், தொடர்நிலையில் நின்றால் நேர்மாறான பொருள். தண்டியாசிரியர் இதைக் கேட்டிருந்தால் ஒரு சூத்திரம் கூட்டியிருப்பார்.

வெயிட்டிங் ஃபார் 22, மை எம்ப்டி ரூம்

இரண்டும் சேர்ந்து இரண்டரை நிமிடம். முன்னது கிட்டார் மட்டும், பின்னது காலி அறை. மூச்சு வாங்கிக்கொள்ள.

ஐஸ் ஆஃப் எ ஸ்ட்ரேஞ்சர்

நிக்கி கண்ணாடியைப் பார்க்கிறான். அங்கிருந்து பார்க்கும் கண்கள் யாருடையவை என்று தெரியவில்லை.

இந்தப் பாட்டுக்கு உரை எழுதுமுன் ஒரு குற்ற ஒப்புதல். என்னிடம் முதலில் இருந்தது ரெக்கார்டிங் கடையில் பதிந்து வாங்கிய 60 நிமிடக் கேசட். ஆல்பம் 59 நிமிடம்தானே, கச்சிதம் என்று நானே தேர்ந்தெடுத்துக் கொடுத்த வெற்றுக் கேசட். கேசட்டுக்குப் பக்கத்துக்கு 30 நிமிடம், இசைத்தட்டின் இரண்டாம் பக்கமோ 33 நிமிடம் என்பதை நான் யோசிக்கவில்லை. அதனால் கண்ணாடி முன் நின்ற நிக்கி மூன்றரை நிமிடத்தில் பாதி வரியில் 'டக்' என்று அறுந்துபோவான். அதுதான் முடிவு என்று பல ஆண்டுகள் நம்பியிருந்தேன். நம்பியதோடு விடவில்லை. தன்னை அடையாளம் தெரியாதவன் வாக்கியத்தின் நடுவிலேயே காணாமல் போகிறான், என்ன துணிச்சலான முடிவு என்று நண்பர்களிடம் சிலாகித்திருக்கிறேன். ஒருவன் கைதட்டியது கூட நினைவிருக்கிறது.

பிறகு குறுந்தகடு கைக்கு வந்தது. மூன்றரை நிமிடத்தில் டக் வரவில்லை. பாட்டு மேலே போனது. முன்பு கேட்ட பாட்டுகளின் துணுக்குகள், குரல்கள் ஒன்றன்மேல் ஒன்றாக வந்து விழுந்தன, யாரோ ஒரு தலைக்குள் டேப்பை வேகமாக ஓட்டுவது போல. எல்லாம் நின்றது. நிக்கி வாயைத் திறந்து, முதல் உருப்படியின் தலைப்பைச் சொன்னான். அதே சொற்கள். ஈற்றடி முதலடியில் போய்ச் சேருவதை நம் அந்தாதிக்காரர்கள் மண்டலித்தல் என்பார்கள். அயர்ன் மெய்டனின் ஆல்பமும் தொடங்கிய அதே சிறு கிட்டார் இசையில்தான் முடிகிறது, ஆனால் அங்கே அது ஒரு கட்டு, பூச்சரத்தின் இரண்டு நுனியைச் சேர்ப்பது போல. இங்கே மண்டலித்தல் ஒரு சிறை. நினைவு வந்துவிட்டது என்று அவன் சொல்வதைக் கதையின் விடிவாகத்தான் எடுத்துக்கொள்ளத் தோன்றும். முழு நினைவும் வந்துவிட்டால் கொன்றது யார் என்பதும் வந்துவிடும் அல்லவா?

பிளேயரில் ரிப்பீட் போட்டிருந்தேன். அவன் சொல்லி முடித்த கையோடு ஒலிபெருக்கியில் யாரோ ஒரு டாக்டரைக் கூப்பிட்டார்கள், தொலைக்காட்சியில் செய்தி ஓடியது, நர்ஸ் ஊசியோடு உள்ளே வந்தாள்.